வீட்டுக்கு வாங்க

எங்களைப் போலக் கப்பல்காரர் வீட்டில் பிறந்து இன்று பாதி நரைத்து நிற்பவர்களைக் கேட்கிறேன். டாலர் ஏறினால் உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்? எங்கள் வீட்டில் ஒரு தடவை கோழி அடித்தார்கள்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. படிப்பும் பத்தாவதோடு முடிந்தது. ஒரு நாட்டுப் பணம் இன்னொரு நாட்டுப் பணத்துக்கு எதிரில் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கணக்கைப் போட்டவர்களும் என்னைவிடப் பெரிதாக ஒன்றும் படித்துவிடவில்லை. அவர்கள் போட்ட கணக்குக்குள் நான் வளர்ந்தேன். அதனால் எழுதுகிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா வெளிநாட்டுக் கம்பெனியின் சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில், மிஷின்களுக்கு எண்ணெய் போடுகிற வேலையில் இருந்தார். சம்பளம் டாலரில் பேசியது. பம்பாயில் இருந்த ஏஜெண்ட் அதை ரூபாயாக்கி அம்மாவின் பாங்குக் கணக்குக்கு அனுப்புவார். டாலர் அதே டாலர்தான். ரூபாய் மட்டும் மாசத்துக்கு மாசம் கொஞ்சம் மாறி வரும். ஏன் என்று அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவின் தம்பிக்குத் தெரியும். மாமா ஹார்பர் பக்கம், சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் போடுகிற ஒரு கிளியரிங் ஆபீசில் கிளார்க். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா.

“ரெண்டும் நீல மைதான, எதுக்குலே ரெண்டு?” என்று அம்மா கேட்டால், “ஒண்ணு எழுததுக்கு, ஒண்ணு கேக்கவங்களுக்குக் குடுக்கதுக்கு” என்பார். யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு அதுவரை தெரிந்த டாலர் ஒன்றே ஒன்று. அது அம்மாவின் சங்கிலியில் தொங்கியது. மாதா உருவம் பதித்த தங்க டாலர். யோசிக்கும்போதெல்லாம் அம்மா அதைக் கட்டைவிரலால் தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்து மாதாவுக்கு மூக்கே இல்லாமல் போயிருந்தது. அதனால் ஒரு சாயங்காலம் மாமா சைக்கிளை வாசலில் சாத்தியபடியே, “அக்கா, டாலர் ஏறிட்டு” என்று சொன்னபோது, நான் அம்மாவின் கழுத்தைத்தான் பார்த்தேன். அது இருந்த இடத்தில்தான் இருந்தது.

“எங்கனளா பாக்க?” என்று மாமா சிரித்தார். “அந்த டாலர் இல்ல. உங்க அப்பா வாங்குத டாலரு.”

இருபத்தொரு ரூபாயாக இருந்த டாலர் அந்த ஒரே வாரத்தில் இருபத்தைந்தைத் தாண்டியது. டெல்லியில் அரசாங்கமே ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். மாமா அதை எங்களுக்கு வாசித்துக் காட்டி, நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, “கவர்மெண்டு அத்தானுக்குச் சம்பளம் கூட்டிக் குடுத்திருக்கு” என்றார். அன்றைக்குத்தான் கோழி.

வாசம் பிடித்து எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்தாள். அவள் புருஷன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்.

“ஞாயித்துக்கெழமகூட இல்ல, கோழி வாசம் தெருவத் தூக்குது. என்ன விசேஷம்?”

“டாலர் ஏறிட்டுல்லா” என்றார் மாமா.

“எங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கொடுப்பினை ஏது. அவிய வள்ளத்துல தண்ணிதான் ஏறும்.”

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அம்மா ஒரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். சில வாரம் கழித்து அதே கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், வாசலில் நின்றபடியே சொன்னாள்: “அவிய வலைக்கு நூலு வாங்கப் போனாவ. எஞ்சினுக்கு ஒரு சாமான் கேட்டாவ. பாமாயிலு கேட்டேன். எல்லாம் வெலை கூடிட்டாம். உங்க டாலரு தனியா ஏறியிருக்கப்பிடாதா? எங்க சாமானத்தையும் கையப் புடிச்சில்லா கூட்டிட்டுப் போயிட்டு.” அன்று யாரும் சிரிக்கவில்லை. கிண்ணம் கழுவித் துடைத்து, காய்ந்திருந்தது.

கோழி அடித்ததற்கும் கிண்ணம் திரும்பி வந்ததற்கும் இடையில் அப்பாவின் கேசட் வந்தது.

அதே கப்பலில் இருந்து இறங்கி ஊருக்கு வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதெல்லாம் போன் பேசக் காசு கொட்டும். அப்பாவுக்கு எழுதவும் வராது. கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவார். நாங்கள் பதில் பேசி, கப்பலேறப் போகிற ஆளிடம் கொடுப்போம். எங்கள் தெருவில் ‘ஏறினார்’, ‘இறங்கினார்’ என்றாலே கப்பலைத்தான் சொல்கிறார்கள் என்று அர்த்தம். பஸ்ஸுக்குக்கூட அந்தச் சொல் இரண்டாம்பட்சம்.

கேசட்டைச் சுற்றி ஒரு பனியன். பனியனில் சோப்பும் டீசலும் கலந்த வாசனை. அம்மா அதை முகர்ந்துவிட்டு மடித்து வைத்தாள். டேப் ரிக்கார்டரின் மேல் போட்டிருந்த பூப்பின்னல் துணியை எடுத்தாள். அப்பா பேச ஆரம்பித்ததும் வீடே அதிர்ந்தது.

“ஏன் இப்பிடிக் கத்துதாவ?” என்று சொல்லி அம்மா சத்தத்தைக் குறைத்தாள்.

அந்தக் கத்தலைப் பற்றி நாங்கள் யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை. தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காதவன்தான் அப்படிப் பேசுவான் என்று இன்று தெரிகிறது. அன்றைக்கு அம்மா பட்டனைத் திருகிவிட்டாள், அவ்வளவுதான்.

அப்பா எல்லோரையும் விசாரித்துவிட்டுச் சொன்னார்: “காதுக்குள்ள வண்டு பூந்த மாரி ஒரு எரைச்சல். எஞ்சின நிப்பாட்டினாலும் அது நிக்க மாட்டேங்கு. காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. இன்னும் ஒரு தடவ இருக்கியான்னு கம்பெனில கேக்கான். எனக்கு எறங்கிரலாம்னு தோணுது. எறங்குனா திருவிழாவுக்கு வந்திருவேன். நீங்க என்ன சொல்லுதிய?”

அதோடு அந்தப் பக்கம் முடிந்தது. நாடா காலியாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது.

மாமாதான் முதலில் பேசினார். “டாலர் ஏறுத நேரத்துல எவனாவது கப்பல்ல இருந்து எறங்குவானா?”

“காது எரையுதுன்னு சொல்லுதாவல்லாலே” என்றாள் அம்மா.

“எஞ்சின் ரூமுன்னா எரையத்தான் செய்யும். அக்கா, நல்லாக் கேட்டுக்க. அத்தானுக்கு வேலை கூடல, நேரம் கூடல. அதே டாலரு. ஆனா ரூவா அஞ்சுல ஒரு பங்கு சும்மா கூட வருது. இந்த மிச்சத்துலயே மாடி போட்டிரலாம். வாடகைக்கு விட்டா பிள்ளைக்கு ஆச்சு.”

அம்மாவை நான் பேராசைக்காரி என்று சொல்ல மாட்டேன். அவள் பிறந்த வீடு ஒற்றை அறை. மழை பெய்தால் கட்டிலை நகர்த்திக்கொண்டே இருந்த வீடு. மாடி என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கை கழுத்துக்குப் போனது. டாலரைத் தேய்த்தாள். அந்த வாரமே மாமா கொத்தனாருக்குச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பதில் பேச உட்கார்ந்தோம். கேசட்டின் மறுபக்கம் காலியாக இருந்தது. அதே கப்பலில் ஏறப்போகிற ஒருவர் மத்தியானம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மாமா முதலில் பேசினார். டாலர் கணக்கைப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிச் சொல்லிவிட்டு மைக்கை அம்மா பக்கம் திருப்பினார். அம்மா, “சாப்பாடு நேரத்துக்குச் சாப்புடுங்க. காதுக்கு என்னமும் மருந்து ஊத்துங்க. பெறவு உங்க இஷ்டம்” என்றாள். அந்த நேரம் பார்த்து வாசலில் செங்கல் லாரி வந்து நின்றது. மாமா வெளியே ஓடினார்.

“நீ பேசுளா” என்று அம்மா என்னைத் தள்ளினாள்.

மாமா இருந்திருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது. அம்மா மட்டும் இருந்ததால் பேசினேன். எங்கள் டீச்சர் மாறிப்போனது, கோயிலில் கொடிமரத்துக்குப் பெயிண்ட் அடித்துவிட்டது, பூனை அலமாரிக்குள் குட்டி போட்டது, எல்லாம் சொன்னேன். நடுநடுவில் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்று நின்று பேசினேன். கடைசியாக, “எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா. நீங்க எறங்கிருங்க. எறங்கி வீட்டுக்கு வாங்க” என்றேன்.

அம்மா என்னைத் தடுக்கவில்லை. பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டு, என் தலையில் கை வைத்தாள். அவள் மனதில் இருந்ததை நான் சொல்லிவிட்டேன் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கை எனக்கு வேண்டும்.

மாமா கைத்தூசியைத் தட்டிக்கொண்டு வந்தார். “பிள்ள என்ன பேசிச்சு?” என்று திருப்பிப் போட்டுக் கேட்டார். டீச்சருக்கும் பூனைக்கும் சிரித்தவர் கடைசியில் சிரிப்பை நிறுத்தினார்.

“ஏளா, செங்கல் வந்து எறங்கிட்டு. இப்பப் போயி மனுசன எறங்கச் சொல்லுதியே.” அம்மாவைப் பார்த்தார். “பிள்ள இப்பிடிக் கூப்புட்டா அத்தான் மறுநாளே பெட்டியக் கெட்டிருவாவ. அது தெரியாதா ஒனக்கு?”

மாமா நாடாவை நான் பேச ஆரம்பித்த இடத்துக்குத் திருப்பினார். என் பேச்சின் மேலேயே அவர் பேசினார். சிமெண்டு, கம்பி, ஜல்லி, கதவு நிலை, ஜன்னல், குழாய் என்று அடுக்கிக்கொண்டே போய், “இன்னும் நெறயக் கெடக்கு அத்தான்” என்று முடித்து நிறுத்தினார். கேசட்டை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினார். முழுசாகப் போட்டுக் கேட்டுப்பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மத்தியானம் அந்த ஆள் வந்தார், சாப்பிட்டார், வாங்கிக்கொண்டு போனார்.

அப்பா இறங்கவில்லை.

திருவிழாவுக்குக் கொடியேறியது. பஜ்ஜிக் கடைகளும் வளையல் கடைகளும் வந்தன. கூட்டத்தில் அப்பாக்களின் தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்க்கப் பிடிக்காமல் தரையைப் பார்த்து நடந்தேன். அதனால் ஒரு செருப்பை மிதிபட்டுத் தொலைத்தேன். அதற்கு அம்மா அடித்தாள்.

பணம் கூடத்தான் வந்தது. மாமா சொன்னது பொய் இல்லை. ஆனால் சிமெண்டு விலையும் கம்பி விலையும், கூடுதலாக வந்த பணத்தைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தன. கொத்தனார் கூலியைக் கூட்டிக் கேட்டார். கேஸ் சிலிண்டர் கூடியது, பஸ்ஸுக்குக் கூடியது. தூண்கள் எழும்பிய பிறகு வேலை நின்றுவிட்டது. “இத முடிக்காம விட்டா போட்டதும் பாழு” என்று மாமா சொன்னார். அம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். டாலர் ஏறிய வருஷம், அம்மாவின் கழுத்தில் இருந்து டாலர் இறங்கியது. அடகுக்கடைக்குப் போனது திரும்பி வரவில்லை. அந்த வருஷம் அரசாங்கமும் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது என்று பிற்பாடு எங்கோ படித்தேன். வெளிநாட்டில் சாமான் வாங்க நாட்டின் கையில் டாலர் இல்லாமல் போய்விட்டதாம். நாடு தன் தங்கத்தை மீட்டுவிட்டது. அம்மாவால் முடியவில்லை. சும்மா இருக்கும்போது அவள் கட்டைவிரல் வெறும் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கு எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டை ஏற ஏறத் தோணிக்குள் நிற்கிறவனுக்குக் கரை மேலே போவது போல் இருக்கும். கரை எங்கும் போகவில்லை. தோணிதான் தாழ்கிறது. எங்கள் வீட்டில் தோணிக்குள் நின்றுகொண்டு கரை உயர்ந்துவிட்டது என்று கோழி அடித்தார்கள். டாலர் ஏறவில்லை, நம் ரூபாய் இறங்கியது. உலகத்தில் யார் யாரிடம் வாங்கினாலும் அந்த நோட்டைக் கொண்டுவா என்கிறார்கள். நம் நோட்டை நம்மூர் அண்ணாச்சி கடையில்தான் வாங்குவார்கள். நம் ஹார்பரில் வந்து இறங்குகிற எண்ணெயும் உரமும் டாலரில் விலை பேசி வருகிறவை. ரூபாய் இறங்கினால் அவை ஏறும். அவை ஏறினால் அண்ணாச்சி கடையில் எல்லாம் ஏறும். கப்பல்காரர் வீட்டுக்கு முதலில் கொஞ்சம் கூடக் கிடைக்கும். பிறகு அதுவும் கடைக்கே போகும். எதிர்வீட்டு அக்காவுக்கு அந்த முதல் கொஞ்சமும் கிடையாது. அவள் இதைக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதே தெரிந்துவைத்திருந்தாள்.

அடுத்த வருஷம் அப்பா வந்தார். பெரிய பெட்டியோடு வந்தார். யார் என்ன கேட்டாலும் சிரித்தார். முதலில் அதைச் சந்தோஷம் என்று நினைத்தோம். முதுகுப் பக்கம் இருந்து கூப்பிட்டபோது திரும்பவே இல்லை. அப்புறம்தான் அம்மாவின் முகம் மாறியது.

அன்று மத்தியானம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அப்பா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைத்தார். பேசும் பொம்மை. கலர் பென்சில். காந்தம் வைத்த பென்சில் பெட்டி. கைக்கடிகாரம். பட்டனை அமுக்கினால் விரிகிற பூப்போட்ட குடை. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு, “இதா?” என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“என்ன இதா?” என்று அம்மா கையால் கேட்டாள்.

“பிள்ள என்னமோ வாங்கச் சொல்லிச்சு. எதுன்னு வெளங்கல. அதான் எல்லாத்துலயும் ஒண்ணு வாங்கியாந்தேன்” என்று கத்திச் சொன்னார். சட்டைப்பையில் இருந்து அந்தக் கேசட்டை எடுத்தார். எழுத்தெல்லாம் அழிந்து, மூலை உடைந்து போயிருந்தது. டேப் ரிக்கார்டரில் போட்டு, சத்தத்தை முழுசாக ஏற்றினார்.

மாமாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. கதவு நிலை, ஜன்னல், குழாய். “இன்னும் நெறயக் கெடக்கு அத்தான்.” ஒரு கடக் சத்தம். அதன் பிறகு, மாமா அழிக்காமல் மிச்சம் விட்டிருந்த இடத்தில், என் குரல்: “வீட்டுக்கு வாங்க.”

அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

“கேட்டியளா?” அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். “நெறயக் கெடக்கு, வீட்டுக்கு வாங்க. என்ன வாங்கணும்னு பிள்ள அதுக்கு முன்னாலயே சொல்லிருக்கு. இந்தப் பய அது மேல பேசித் தொலைச்சிருக்கான்.” மாமாவின் முதுகில் விளையாட்டாக ஒன்று வைத்தார். “எறங்கிரணும்னுதாம்ப்பா இருந்தேன். பெட்டிகூடக் கெட்டிட்டேன். ஒருநாளும் வாயத் தொறந்து கேக்காத பிள்ள, வீட்டுக்கு வாங்கணும்னு கேட்டுட்டு. சரி, பிள்ளைக்காவ இன்னும் ஒரு தடவன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.”

சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அந்த ‘வாங்க’ என்ன ‘வாங்க’ என்று அந்த வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமானால் காதருகே போய்க் கத்த வேண்டும். வீடு நிறைய ஆள். நான் நாலு பேர் முன்னால் பேச வராதவள். அதோடு, கத்திச் சொல்கிற சொல்லா அது?

“எதுளா கேட்ட?” அப்பா விடவில்லை.

நான் குடையைக் காட்டினேன். மழை அபூர்வமான ஊரில் ஒரு குடை. வேறு எதுவும் கையருகில் இல்லை.

அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “நெனச்சேன். சிங்கப்பூர்ல இதப் பாத்ததும் இதாத்தான் இருக்கும்னு தோணிச்சு.”

பாளையங்கோட்டையில் காதைக் காட்டியபோது டாக்டர், “போன வருஷமே அந்தச் சத்தத்த விட்டு வெளிய வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது” என்று அம்மாவிடம் சொன்னார். அப்பா எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன சொல்லுதாரு?” என்றார். “ஒண்ணுமில்ல, வயசுன்னு சொல்லுதாரு” என்று அம்மா சைகை காட்டினாள். அப்பாவுக்கு அப்போது நாற்பது ஆகவில்லை.

அதற்குப் பிறகு எந்தக் கப்பல் மெடிக்கலிலும் அவரைத் தேறவிடவில்லை. டாலர் ஏறிக்கொண்டே போனது. எங்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. அப்பா உப்பளத்தில் வாட்ச்மேனாக இருந்தார். மாடித் தூண்களில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பொரிந்து உதிர்ந்தன.

டேப் ரிக்கார்டர் கெட்டுப்போன பிறகு கேசட்டுகள் ஒரு டப்பாவில் கிடந்தன. கருவாடு காயப்போடுகிற இடத்தில் காக்காயை விரட்ட நாடாவை உருவிக் கட்டுவார்கள், காற்றில் அது உறுமும். எதிர்வீட்டு அக்கா கேட்டதும் அம்மா டப்பாவோடு எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எல்லாம் கட்டியாகிவிட்டது. கம்புக்குக் கம்பு பளபளத்துக்கொண்டிருந்த நாடாக்களில் எது அது என்று தேடினேன். எல்லாம் ஒரே மாதிரிதான் உறுமின.

அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். குடை துணி நைந்து, கம்பி மட்டும் பீரோவின் மேல் கிடக்கிறது. அந்த ‘வாங்க’ என்ன ‘வாங்க’ என்று அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லாததற்காக நான் வருத்தப்படவும் இல்லை. பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுத்தோம் என்ற ஒன்றாவது அவருக்கு மிஞ்சட்டும்.

என் மகன் இப்போது எண்ணெய்க் கப்பலில் இருக்கிறான். அவனும் எஞ்சின் அறையில்தான். காதுக்கு மூடி கொடுக்கிறார்களாம். இந்த மாசம் காண்ட்ராக்ட் முடிகிறது. முந்தாநாள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். “ரேட்டு நல்லா ஏறியிருக்கும்மா. இன்னும் ஒரு ஆறு மாசம் இருந்துட்டு வரட்டா?” அன்று இருபத்தொரு ரூபாயாக இருந்த டாலர் இன்று நாலு மடங்குக்கு மேல் போய்விட்டது. வேலையில் இருந்து ஓய்வு பெற்ற மாமா தினமும் காலையில் குடும்ப குரூப்பில் ரேட் போடுகிறார். இன்னமும் ‘டாலர் ஏறிட்டு’ என்றுதான் எழுதுகிறார்.

நான் போனைத் தூக்கிக்கொண்டு யாரும் இல்லாத அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மைக்கை அமுக்கிப் பிடித்து, “வீட்டுக்கு வா” என்றேன். அப்பாவைத்தான் ‘வாங்க’ என்று கூப்பிட வேண்டியிருந்தது. மகனை ‘வா’ என்றால் போதும். அதில் யாரும் எதையும் வாங்க முடியாது. அனுப்பும் முன் போட்டுக் கேட்டேன். முழுசாக இருந்தது.

அனுப்பி ஒரு பகலும் ஒரு இரவும் ஆகிவிட்டது. அவன் இன்னும் கேட்கவில்லை. இன்று காலை மாமா போட்ட ரேட்டுக்குக் கீழே மட்டும் கட்டைவிரல் தூக்கியிருக்கிறான்.